வியாழக்கிழமை அறையைத் திறந்து விடுங்கள்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும் கண் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

உங்கள் கண் பிரிவில், பவர் பார்க்கும் அறையைத் தாண்டி, தாழ்வாரம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சன்னலில் பச்சைத் துணித் திரை. வியாழக்கிழமைகளில் மட்டும் மருத்துவ உளவியலாளர் ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார். ஜூன் மாதத்திலிருந்து அறை பூட்டிக் கிடக்கிறது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மேசை மேல் பழைய கேஸ் ஷீட் கட்டுகள். கவுண்டரில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது: “அறிதுயில் (ஹிப்னாடிசம்) கண் நோய்களுக்கான சிகிச்சை அல்ல என்பதால் மேற்படி ஆலோசனை நிறுத்தப்பட்டது.”

இந்த வரியின் முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஹிப்னாடிசம் கண் நோய்க்கு மருந்து இல்லைதான். ஆனால் அதைச் சொல்லி அந்த அறையைப் பூட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் கண்ணில் நோய் இல்லாதவர்கள். கண்ணில் எதுவும் இல்லை என்று நீங்களே சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகும் பார்வை தெரியாமல் நின்றவர்கள். என் மகள் அவர்களில் ஒருத்தி.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பையன். போன மாதம் என் மாமியாரின் கண்புரை ஆபரேஷன் விஷயமாக வந்திருந்தேன். பள்ளிச் சீருடையில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பத்து வயதுகூட இருக்காது, ஒரு பையன் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தான். பின்னாலேயே ஒரு குரல்: “கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. நடிக்கிறான். ரெண்டு போடுங்க, சரியாயிடும்.” நாலு வருஷத்துக்கு முன்னால் அதே வாசலில் நான் கேட்ட வார்த்தைகள். அந்தத் தாயிடம், “பயப்படாதீங்க, கடைசி ரூமுக்கு வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனால் பூட்டு.

என் மகளுக்கு அப்போது 11 வயது, ஆறாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம், “போர்டு தெரியலம்மா” என்றாள். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். எனக்கே பதினாறு வயதில் கண்ணாடி வந்தது. உங்களிடம் கூட்டிவந்தபோது இரண்டு கண்ணிலும் 6/60 என்று எழுதினீர்கள். நல்ல கண் 60 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை அவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறாள் என்று அர்த்தம். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் அதற்கு மேல் ஒரு வரிகூட இறங்கவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்தீர்கள். ஸ்கேன் எடுத்தீர்கள். மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி மூளையை எம்.ஆர்.ஐ. பார்த்தீர்கள். தலையில் ஒயர்களை ஒட்டி, திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டி, கண்ணில் படுவது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்தீர்கள். எல்லாம் நார்மல். இவ்வளவும் அக்கறையாகச் செய்தீர்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

அப்புறம் ஓர் இளம் மருத்துவர் சுவரில் கறுப்புத் துணி மாட்டி, வெள்ளைத் தலை ஊசியை நகர்த்தி நகர்த்தி, எதுவரை தெரிகிறது என்று கேட்டுச் சாக்பீஸால் குறித்தார். ஒரு மீட்டர் தூரத்தில் உட்காரவைத்தபோது ஒரு வட்டம் வந்தது. இரண்டு மீட்டருக்கு நகர்த்தி உட்காரவைத்தபோதும் அதே அளவு வட்டம்தான். பார்வை கூம்பு மாதிரி விரியும், தூரம் கூடினால் வட்டமும் பெரிதாக வேண்டும், இவளுக்குக் குழாய் மாதிரி இருக்கிறது, இது உடம்பில் நடக்கச் சாத்தியமில்லாதது என்று எனக்கு விளக்கினார். நல்ல விளக்கம். அடுத்து அவர் சொன்னதுதான் மேலே எழுதிய வார்த்தைகள். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி தட்டில் இட்லி வைத்தேன். சட்னிக் கிண்ணத்தைத் தேடி அவள் கை தட்டின் விளிம்பையே சுற்றி வந்தது. “இன்னுமா நடிக்கிற” என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். டாக்டரே சொல்லிவிட்டாரே. அவள் அழவில்லை. கிண்ணத்தைத் தேடிய கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கிண்ணம் அரைச் சாண் தூரத்தில் இருந்தது.

மருத்துவர்களே, வேண்டுமென்றே பொய் சொல்லி வருகிறவர்கள் உண்டு, தெரியும். உதவித்தொகைக்காகவும் வேலைக்காகவும் வருகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் உங்கள் பரிசோதனைகள் சொல்வது ஒன்றே ஒன்று: கண்ணும் நரம்பும் நன்றாக இருக்கின்றன. பிள்ளை பொய் சொல்கிறாள் என்று எந்தக் கருவியும் சீட்டு அடித்துத் தருவதில்லை. கெடுதல் எதுவும் இல்லாத கண்ணில் பார்வை மட்டும் அடைபட்டுப் போகிற நிலை உங்கள் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. ‘ஃபங்ஷனல்’ பார்வைக் குறை, அதாவது உறுப்பு நன்றாக இருந்தும் பார்வை வேலை செய்யாமல் போவது, என்று அதை நடிப்பிலிருந்து தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம், அதிலும் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாக வருகிறது. முதல் உலகப் போரில் குண்டுக் காயம் எதுவும் இல்லாமலே பார்வை போன சிப்பாய்களுக்கும் இதுதான் வந்தது.

நீங்கள் கைவிட்ட பிறகு நாங்கள் எங்கே போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். “மனோவசியத்தால் கண்ணாடிக்கு விடுதலை” என்று ஒரு நோட்டீஸை என் நாத்தனார் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் முகாம், ஆளுக்கு 4,500 ரூபாய். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கடைசி நாள், கண்ணாடி, மருந்து எதுவாக இருந்தாலும் இந்தக் கூடையில் போட்டுவிட்டுப் போங்கள், அவைதான் ‘நீ நோயாளி’ என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன என்றார். என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். கண் பிரஷருக்கு உங்களிடம்தான் இரண்டு வருஷமாகச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர். சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டிப் பாட்டிலை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார், போய்க் கூடையில் போட்டுவிட்டு வந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. கண் அழுத்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் செத்துக்கொண்டே வரும், செத்த நரம்பு திரும்ப வராது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. ஏழு மாதம் கழித்து அவரை உங்கள் ஓ.பி. வரிசையில் பார்த்தேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் மகளை மேடையில் ஏற்றிப் படிக்கச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. “நம்பிக்கை இல்லாத பிள்ளை” என்று மைக்கிலேயே சொல்லி இறக்கிவிட்டார்கள். நீங்கள் நடிப்பு என்றீர்கள், அவர் நம்பிக்கை இல்லை என்றார். இரண்டு இடத்திலும் பழி அவள் தலையில்தான் விழுந்தது.

ஆகவே ஹிப்னாடிசத்துக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை. அது எதைச் செய்யாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கிட்டப்பார்வைக்காரரின் கண் முன்னும் பின்னுமாக நீண்டிருக்கிறது. சராசரிக் கண் 24 மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே மைனஸ் இரண்டரை, மூன்று பவர் ஏறிவிடும். எந்த வார்த்தையாலும் கண்ணைச் சுருக்க முடியாது. 1972 இல் கிரஹாம், லீபோவிட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கிட்டப்பார்வை உள்ளவர்களை அறிதுயிலில் ஆழ்த்தி, பார்வை தெளிகிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். எழுத்துப் பலகையில் முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவே படித்தார்கள். கண்ணின் பவரை அளந்து பார்த்தால் அது அப்படியே இருந்தது. மங்கலாகத் தெரிவதையே மனம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் படித்திருக்கிறது, அவ்வளவுதான். கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் சர்க்கரையால் விழித்திரை கெடுவதற்கும் அந்த அளவுகூடப் பயன் இல்லை.

அப்படியென்றால் அந்த அறையில் என்ன நடந்தது? முகாமில் கேவலப்பட்டுத் திரும்பிய பிறகு, உங்கள் பிரிவிலேயே வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மாதான், “வியாழக்கிழமை வாங்க” என்றார். முதல் இரண்டு வாரம் ஹிப்னாடிசம் என்ற பேச்சே இல்லை. உளவியலாளர் அவளோடு பேசினார், படம் வரையச் சொன்னார், என்னை வெளியே உட்காரவைத்தார். அவளுக்குக் காது கேட்கும்படியே என்னிடம் சொன்னார்: “உங்க பொண்ணு பொய் சொல்லல. அவ கண்ணு நல்லா இருக்கு. பார்வை திரும்பி வரும். எத்தனை நாள்னு இப்ப சொல்ல முடியாது.” டாக்டர் அறையில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த நாலு வாக்கியம்தான். உங்கள் நேரத்தைக் குறை சொல்லவில்லை. அன்று என் டோக்கன் 184. ஒருவருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் உங்களால் எப்படிக் கொடுக்க முடியும்? அதற்காகத்தானே அந்த அறை?

மூன்றாவது வாரம் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். ஊசல் ஆட்டவில்லை, கண்ணுக்குள் கண் வைத்துப் பார்க்கவில்லை. எங்கே போக ஆசை என்று கேட்டார். டிரைவருக்குப் பக்கத்தில், பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார வேண்டும் என்றாள். சரி, உட்கார்ந்துக்கோ என்றார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவளே கண்ணை மூடிக்கொண்டாள். மழை பெய்கிறது, முன் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், வைப்பர் மெதுவாக வந்து போகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தடவை, அவசரம் இல்லை, உனக்குப் பார்க்கத் தோன்றும்போது பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மகளின் வலது ஆள்காட்டி விரல் பாவாடை மேல் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். வைப்பர் அது.

ஐந்தாவது வியாழனுக்கு மறுநாள் காலை, வீட்டில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்துவிட்டு அங்கேயே நின்றாள். “இன்னிக்குக் கீழ்நோக்கு நாள்மா” என்றாள். தேதி பெரிதாக இருக்கும், அதை யாரும் படித்துவிடலாம். ‘கீழ்நோக்கு நாள்’ என்பது அடியில் எறும்பு மாதிரி அச்சடித்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எட்டாவது வாரம் நீங்களே 6/6 என்று எழுதினீர்கள்.

பார்வை ஏன் அடைத்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது அவள் அந்த அறையில் சொன்னது, அவளுக்குச் சொந்தமானது. பெரியவர்களான நாங்கள் கவனித்திருக்க வேண்டிய ஒன்று என்று மட்டும் சொல்கிறேன். இப்போது அது அவள் வாழ்க்கையில் இல்லை.

ஹிப்னாடிசம் இல்லாமலே அவளுக்குப் பார்வை வந்திருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தைரியமாக நாலு வார்த்தை சொன்னாலே சரியாகிவிடும் என்று உளவியலாளரே என்னிடம் சொன்னார். அதிலும் தேறாமல் நிற்கிற பிள்ளைக்குத்தான் இது கைகொடுக்கிறது. பெரிய ஆய்வுகள் இதில் குறைவு, இருப்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் மனம் பார்வையைத் தொடும் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2000 இல் அமெரிக்காவில் எளிதில் அறிதுயிலுக்கு ஆட்படும் 8 பேரைப் பரிசோதித்தார்கள். சாம்பல் நிறப் படத்தைக் காட்டி வண்ணமாகப் பாருங்கள் என்றபோது, மூளையில் நிறம் பார்க்கும் பகுதியே அதற்கேற்ப வேலை செய்தது. வண்ணப் படத்தைச் சாம்பலாகப் பாருங்கள் என்றபோது அந்தப் பகுதி தணிந்தது. டெல்லி எய்ம்ஸில் கண் அழுத்த நோயாளிகள் 90 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018 இல் வெளியிட்டார்கள். ஒரு பாதியினர் சொட்டு மருந்தோடு 21 நாள் தியானமும் செய்தார்கள். அவர்களுக்குக் கண் அழுத்தம் இன்னும் குறைந்தது. தியானம் வேறு, ஹிப்னாடிசம் வேறு, தெரியும். நான் கவனிக்கச் சொல்வது, யாரும் அங்கே மருந்துப் பாட்டிலைக் கூடையில் போடச் சொல்லவில்லை என்பதை.

ஹிப்னாடிசம் என்றதும் உங்களுக்கு மேடை வித்தை ஞாபகம் வருவதில் நியாயம் இருக்கிறது. 1777 இல் வியன்னாவில் மெஸ்மர் என்ற மருத்துவர், பார்வையில்லாத இளம் பியானோ கலைஞர் மரியா தெரேசியா பாரடிஸுக்குப் பார்வை தந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அந்தப் பெண் சாகும்வரை பார்வையில்லாமல்தான் இருந்தார். 1784 இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த குழு, மெஸ்மர் சொல்கிற காந்த சக்தி என்று ஒன்று கிடையாது, எல்லாம் கற்பனை என்று முடித்துவிட்டது. அந்தக் கற்பனைக்கே இவ்வளவு வலு இருக்கிறதா என்று நின்று யோசித்தவர்களில் ஒருவர் நம் கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. சக்தி தூங்கவைக்கிறவரிடம் இல்லை, தூங்குகிறவர் மனதிலேயே இருக்கிறது என்று பாரிஸில் சொன்னவர். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1841 இல் மான்செஸ்டரில் ஒரு மெஸ்மரிச நிகழ்ச்சியைக் குறை கண்டுபிடிக்கப் போன ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், அங்கே மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டவரால் இமையைத் திறக்க முடியவில்லை என்பதைக் கவனித்தார். ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரவச் செய்தவர் அவர். அந்தக் கவனிப்பே கண்ணில்தான் தொடங்கியது. மெஸ்மரை விரட்டியது சரி. பிரெய்டையும் சேர்த்து விரட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த அறை பூட்டிக் கிடக்க, கல்யாண மண்டபம் திறந்தே இருக்கிறது. போன வாரம்கூடப் பஸ் ஸ்டாண்டில் அதே நோட்டீஸைப் பார்த்தேன். நடிக்கிறான் என்று சொல்லி அனுப்பப்படுகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றவர்கள் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள், நான் போன மாதிரி.

ஆகவே கேட்கிறேன். அந்த அறையிலிருக்கும் கட்டுகளை எடுத்துவிட்டு வியாழக்கிழமை ஆலோசனையை மறுபடி தொடங்குங்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற, இதில் பயிற்சி உள்ள மருத்துவ உளவியலாளரையே போடுங்கள். ஹிப்னோதெரபியை உரிய பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2003 நவம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே உங்கள் கை கட்டப்பட்டிருக்கவில்லை.

கண்ணில் குறை காணாத பிள்ளையின் சீட்டில் ‘நடிப்பு’ என்று எழுதாதீர்கள், பிள்ளை காதுபட அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், அடிக்கச் சொல்லாதீர்கள். இதை எழுத்துபூர்வமான உத்தரவாகப் பிரிவில் ஒட்டுங்கள். அதேபோல மனசு சம்பந்தப்பட்டது என்று அனுப்பிவிட்டுக் கோப்பையும் மூடிவிடாதீர்கள். ஸ்டார்கார்ட் மாதிரியான விழித்திரை நோய் தொடக்கத்தில் உள்ளே பார்த்தாலும் நார்மலாகத் தெரியும், அந்தப் பிள்ளைகளையும் நடிப்பு என்று அனுப்பிவிட நேரும். ஆறு மாதத்துக்காவது கண்ணையும் விடாமல் பாருங்கள்.

ஓ.பி. வாசலில் ஒரு பலகை வையுங்கள்: கிட்டப்பார்வை, கண்புரை, கண் அழுத்தம், சர்க்கரை விழித்திரைக் கோளாறு எதையும் மனோவசியம் குணமாக்காது, யார் சொன்னாலும் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள் என்று, பெரிய எழுத்தில். பார்வை மங்கியவர்கள் படிக்க வேண்டிய பலகை அது. அந்த முகாம் நோட்டீஸை இத்துடன் இணைத்திருக்கிறேன். மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்கும் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பார்வையின்மையும் கண்புரையும் கண் அழுத்தமும் இருக்கின்றன. முதல் தடவை குற்றம் நிரூபணமானாலே ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. மனோவசியம் அந்த வரையறைக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். புகார் கொடுக்க வேண்டியது நீங்கள். ஒரு தாய் கொடுத்தால் காவல் நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், மருத்துவமனை கொடுத்தால் எடுத்துப் படிப்பார்கள்.

அந்தப் பையனின் அம்மாவை, அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் கூட வருவேன். அதற்குள் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருத்தியின் தாய்